ஏப்ரல் நாட்டில் ஓர் அக்டோபர்

கியோட்டோவில் முதல் மாதம் முழுக்க எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

தப்பு என்னுடையதுதான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போட்டேன். ஜப்பானில் அந்தப் பெயர்தான் முன்னால் வரும், அதைச் சொல்லித்தான் அழைப்பார்கள், மரியாதைக்குப் பின்னால் ஒரு 'சன்' சேர்ப்பார்கள். கணேசன், முருகேசன், வெங்கடேசன் என்று நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்களே, என் அப்பாவும் அந்த வகையறா. வார்டு அலுவலகத்தில் என் தாளைக் கையில் எடுத்த பெண்மணி ஒரு விநாடி தயங்கினார். பெயரிலேயே ஒரு சன் இருக்கிறது. அது மரியாதையா, பெயரா? இன்னொன்று சேர்த்தால் கேலிபோல் ஆகிவிடுமா? கடைசியில் இரண்டு சன்னையும் சேர்த்தே கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

என் சொந்தப் பெயருக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அதில் ஒரு 'ழ' உண்டு. அந்நியப் பெயர்களை எழுத ஜப்பானியர் வைத்திருக்கும் கதகனா எழுத்தில் ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் சேர்த்து ஒரே வரிசைதான். பள்ளிக்கூடத்தில் 'ழ' வராத பிள்ளைகளைத் திருத்தித் திருத்தியே ஓய்ந்துபோன எங்கள் தமிழம்மா அந்தப் படிவத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் போனது 'கோகான் ரியூகாகுசே'யாக. பரிமாற்ற மாணவர் என்று அர்த்தம். கட்டணத்தைச் சொந்தக் கல்லூரியில் கட்டிவிட்டு ஒரு செமஸ்டரோ ஓராண்டோ அங்கே படிக்கலாம். வாங்கும் கிரெடிட்டை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வர வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குப் பதிலாக எங்கள் கல்லூரிக்கு யாரும் வரவில்லை. அந்தக் கணக்கு இன்னும் நேராகாமலே கிடக்கிறது.

ஆள் சேர்ப்பதில் ஜப்பான் அவசரம் காட்டத் தொடங்கி நாற்பது வருடமாகிறது. 1983இல் பிரதமர் நகசோனே காலத்தில் வெளிநாட்டு மாணவர்கள் ஒரு லட்சம் பேரைக் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தார்கள்; 2003இல் எட்டினார்கள். 2008இல் வைத்த மூன்று லட்சம் இலக்கை 2019இல் தாண்டினார்கள். 2023இல், 2033க்குள் நாலு லட்சம் என்று அடுத்த இலக்கு வைத்தார்கள். 2024 மே மாதக் கணக்குப்படி 3,36,708 பேர் இருந்தார்கள். சீனர்கள்தான் அதிகம், அடுத்து நேபாளிகள். இந்தியர்கள் சொற்பம். பிள்ளைகள் பிறப்பது குறைந்துகொண்டே போகும் நாட்டில் வகுப்பறை பெஞ்சுக்கும் ஆள் வேண்டும், நாளைக்குத் தொழிற்சாலைக்கும் ஆள் வேண்டும். ஐந்து மாதம் படித்துவிட்டு ஊர் திரும்பும் என்னைப் போன்றவர்களால் அதில் பெரிய லாபம் எதுவும் இல்லை. ஆனாலும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினேன். கடலுக்கு நடுவே மண்ணைக் கொட்டித் தீவு செய்து அதன்மேல் கட்டிய நிலையம் அது. குடிநுழைவு மேசையிலேயே வசிப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். 'ஸைர்யூ கார்டு' என்பார்கள். வீட்டைவிட்டு இறங்கினால் இது கையில் இருந்தே ஆக வேண்டும். இடம் பிடித்துக் குடியேறிய 14 நாள்களுக்குள் வார்டு அலுவலகத்துக்குப் போனால், அட்டையின் முதுகில் முகவரியை அச்சடித்துத் தருவார்கள். அந்த ஒரு வரி அச்சாகும்வரை நீங்கள் ஊரில் இல்லாதவர்தான். அச்சான பிறகு எல்லாக் கதவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் என்று சொன்னார்கள். திறந்தது உண்மை, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு படிவம் நின்றுகொண்டிருந்தது.

மருத்துவக் காப்பீட்டுப் படிவம்: சேர்ந்துவிட்டால் வைத்தியச் செலவில் பத்தில் மூன்று பங்குதான் நம் பொறுப்பு. ஓய்வூதியப் படிவம்: இருபது வயது ஆனவர்கள் எல்லோரும் அந்த நாட்டு ஓய்வூதியத்துக்குப் பணம் கட்ட வேண்டும், மாணவர்கள் 'இப்போது முடியாது' என்று எழுதித் தரலாம். ஐந்து மாதம் இருக்கப்போகிறவளிடம் முதுமைக்கு என்ன ஏற்பாடு என்று விசாரித்த ஒரே நாடு ஜப்பான்தான். பகுதிநேர வேலைக்கு அனுமதி வேண்டுமென்றால் அட்டையின் பின்பக்கத்திலேயே ஒரு முத்திரை குத்துவார்கள்: செமஸ்டர் நாள்களில் வாரம் 28 மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடம் கூடாது.

வங்கியில்தான் மாட்டிக்கொண்டேன். கைபேசி இணைப்பு வேண்டுமானால் வங்கிக் கணக்கு எண் கொடு என்றார்கள் கடையில். வங்கியில் முதலில் கைபேசி எண் கேட்டார்கள். கோழியா முட்டையா என்று இரண்டு நாள் சைக்கிளில் அலைந்து, அதைச் சமாளித்துக் கணக்குத் திறந்த மறுவாரம் கடிதம் வந்தது. காப்பீட்டு அட்டையில் என் பெயரில் ஒரு நெட்டெழுத்துக் கோடு இருக்கிறது, வங்கித் தாளில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தானா என்று நேரில் வந்து தெளிவுபடுத்த வேண்டும். ஒரு கிடைக்கோடு! கதகனாவில் உயிரை நீட்ட 'ー' என்று ஒன்றைப் போடுவார்கள். அதைப் போட்டவரும் ஓர் அலுவலர்தான், போடாதவரும் ஓர் அலுவலர்தான். வங்கி ஊழியர் என்னிடம் நாலு முறை மன்னிப்புக் கேட்டார். ஆனால் கோட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் முடித்து, அக்டோபர் முதல் வாரத்தில் வகுப்பில் போய் உட்கார்ந்தபோதுதான் விஷயம் மெல்லப் புரிந்தது. எனக்குத்தான் இது புது செமஸ்டர். மற்றவர்களுக்கு இது இடைவேளைக்குப் பிந்திய பாதி.

ஜப்பானில் எல்லாம் ஏப்ரலில் தொடங்கும். பள்ளிக்கூடம், கல்லூரி, அரசு வரவு செலவு, அலுவலக வேலை எல்லாமே. ஏப்ரல் 1 அன்று கறுப்புக் கோட்டுப் போட்ட புது ஊழியர்கள் நாடு முழுக்க ஒரே நாளில் வேலைக்குச் சேர்கிறார்கள். செர்ரிப் பூ மலரும் சமயம் வேறு. புது மாணவர்களை ஒவ்வொரு மன்றமும் வழிமறித்து, துண்டறிக்கை திணித்து, மரத்தடிக்கு இழுத்துப் போய்ச் சோறு போட்டு உறுப்பினராக்கும். யார் யாரோடு சாப்பிடுவது, வகுப்பில் யார் எந்த ஓரத்தில் உட்காருவது, யாருடைய குறிப்பை யார் கேட்டு வாங்குவது எல்லாம் மே மாதத்துக்குள் முடிவாகிவிடும். அக்டோபரில் போகிறவர், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது டார்ச் வெளிச்சத்தில் இருக்கை தேடுகிறவர் மாதிரிதான். யாரும் கோபிப்பதில்லை. காலை மடக்கி வழி விடுவார்கள். ஆனால் கதாநாயகன் ஏன் அழுகிறான் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் எத்தனை தடவை கேட்பது?

இந்த ஏப்ரல் ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. மெய்ஜி காலத்தில் மேற்கத்திய முறையைப் பின்பற்றி உயர்கல்வி செப்டம்பரில்தான் தொடங்கியிருக்கிறது. 1886இல் அரசு தன் நிதியாண்டை ஏப்ரலுக்கு மாற்றிக்கொள்ள, பள்ளிக்கூடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பின்னே போயின. தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம் 1921இல்தான் ஏப்ரலுக்கு வந்தது. நத்சுமே சோசெகி 1908இல் எழுதிய 'சன்ஷிரோ' நாவலின் நாயகன், குமமோத்தோவிலிருந்து ரயிலேறித் தோக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் போவது கோடையின் கடைசியில். செப்டம்பரில் கல்வியாண்டு தொடங்குகிற அன்று ஒழுங்காக வகுப்புக்குப் போகிறான். அங்கே ஈ காக்கை இல்லை. சன்ஷிரோ காலத்தில் வந்திருந்தால் நானும் எல்லோருடனும் சேர்ந்து முதல் காட்சிக்கே போயிருக்கலாம்.

திரும்ப மாற்றிவிடலாம் என்று யோசிக்காமலும் இல்லை. வெளிநாட்டு மாணவர் வரவும் தங்கள் மாணவர் வெளியே போகவும் வசதியாக இருக்கும் என்று தோக்கியோ பல்கலைக்கழகம் 2012இல் இலையுதிர்கால சேர்க்கைக்கு ஒரு திட்டம் போட்டது; அடுத்த ஆண்டே தள்ளிவைத்தது. 2020இல் கொரோனா பள்ளிகளை மூடியபோது 'செப்டம்பருக்கே போய்விடலாமா' என்று அரசே பேசிப் பார்த்தது. சில வாரங்களில் அந்தப் பேச்சும் அடங்கியது. நிதியாண்டு, வேலைவாய்ப்பு, சட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்போது ஒரு நூலை மட்டும் எப்படி உருவுவது? நம் நிதியாண்டும் ஏப்ரல்தான், ஆனால் நாம் பள்ளிக்கூடத்தை அதில் கட்டிப்போடவில்லை. வெயில் அடிக்கிற அடியில் கட்டியிருக்கவும் முடியாது.

மன்றத்தில் சேரப் போன கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். மலையேற்றக் குழு ஒன்று. அன்பாகத்தான் வரவேற்றார்கள். பெயர் கேட்டார்கள் (இரண்டு சன்). அடுத்த கேள்வி, "எத்தனையாவது ஆண்டு?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர்களால் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க முடியாது. ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர் 'செம்பாய்', மூத்தவர். அவரிடம் பேச ஒரு வினைமுற்று. பின்னால் சேர்ந்தவர் 'கோஹாய்', இளையவர். அவரிடம் பேச வேறொன்று. எங்கள் ஊரில் நான் மூன்றாம் ஆண்டு. இந்தக் குழுவில் நேற்றைக்கு முன்தினம் சேர்ந்தவள். மூன்றாம் ஆண்டின் மரியாதையைக் கொடுத்தால் கூடாரம் கட்டத் தெரியாதவளுக்கு மரியாதை; முதலாம் ஆண்டாகப் பாவித்தால் வயதில் சின்னப் பையன் எனக்கு ஏவல் சொல்ல வேண்டிவரும். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டு, "விருந்தினராக இருங்கள்" என்றார்கள். விருந்தாளிக்குப் பாத்திரம் கழுவும் உரிமை கிடையாது. பாத்திரம் கழுவாதவரோடு யாரும் நெருங்கிப் பழக மாட்டார்கள். நாலாவது மலையில் நானே ஸ்பாஞ்சைப் பிடுங்கிக்கொண்டேன். அன்று முதல் ஓர் இரண்டாம் ஆண்டுப் பெண் என்னிடம் மரியாதை விகுதியை விட்டுவிட்டுப் பேசினாள். அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

வெளிநாட்டு மாணவருக்கு ஆரம்பத்தில் உதவ ஒரு ஜப்பானிய மாணவரைப் பல்கலைக்கழகமே அமர்த்தித் தரும். 'ச்யூதா' என்பார்கள், டியூட்டர்தான். வார்டு அலுவலகம், வங்கி, பாடப் பதிவு எல்லாவற்றுக்கும் கூட வருவார். அவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன உதவி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'குப்பைப் பை வாங்க உதவி, 1 மணி' என்று அவர் பொறுப்பாக எழுதுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நவம்பர் நடுவில் அனுமதித்த மணி நேரம் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் என்னோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்த மணிகளை எந்தத் தாளிலும் எழுதவில்லை.

குப்பைப் பை என்றேனே. கியோட்டோவில் எரிக்கும் குப்பைக்கு மஞ்சள் பை, மறுசுழற்சிக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற பை. மாநகராட்சி அச்சடித்த பைதான், வேறு பையில் வைத்தால் எடுக்க மாட்டார்கள். எந்தக் கிழமை எது என்று அடுப்புக்குமேல் ஒட்டிவைத்திருந்தேன். அப்படியும் ஒருநாள் என் பை மட்டும் தெருவோரம் தனியாக நின்றது, நெற்றியில் ஒரு ஸ்டிக்கரோடு. முழங்காலில் நிற்கவைத்த பிள்ளை மாதிரி. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. உள்ளே என்ன தப்பு என்று அறைக்குக் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தேன்: ஒரு ஷாம்பூ டப்பா.

வகுப்புக்கு வருவோம். ஒரு பீரியடு 90 நிமிடம். முதல் இரண்டு வாரம் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து பார்க்கலாம், பிறகு பதிவை முடித்துவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் நான் என்னை இருபது தடவையாவது அறிமுகப்படுத்திக்கொண்டிருப்பேன். எழுந்து நின்று பெயர், ஊர், பொழுதுபோக்கு, கடைசியில் ஒரு குனிதல், 'யொரொஷிகு ஒனெகாய்ஷிமஸ்'. இதற்கு அகராதிகள் பலவாறு பொருள் சொல்கின்றன. என் காதில் அது 'கொஞ்சம் பார்த்துக்குங்க' என்றுதான் விழுந்தது. நம் ஊரில் அந்த வாக்கியம் மேசைக்கு அடியில் எதையோ நீட்டும். அங்கே தலையை மட்டும் தாழ்த்தும்.

விரிவுரையில் யாரும் கை தூக்கிக் கேள்வி கேட்பதில்லை. பேராசிரியர் "கேள்வி உண்டா?" என்பார், ஏசி சத்தம் பதில் சொல்லும். பின்வரிசையில் இரண்டு பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆர்வமே இல்லாத கூட்டம் என்று மூன்று வாரம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் சின்னத் தாள் ஒன்று கொடுப்பார்கள். 'ரியாக்ஷன் பேப்பர்'. பாடத்தைப் பற்றி நினைப்பதை எழுதித் தரலாம். அடுத்த வாரம் பேராசிரியர் அவற்றில் சிலவற்றைப் பெயர் சொல்லாமல் படித்துப் பதில் சொல்வார். வாயே திறக்காதவர்கள் எழுதியிருந்த கேள்விகளைக் கேட்டு வாயடைத்துப் போனேன். சபையில் ஆசிரியரை மடக்குவதுபோல் ஆகிவிடக் கூடாது என்று தாளுக்குள் மடக்கிவைத்திருக்கிறார்கள்.

மொழி வகுப்பில் சேர்வதற்கு முன் எந்த மட்டம் என்று பார்க்கத் தேர்வு வைத்தார்கள். பேச்சில் தேறினேன், எழுத்தில் கவிழ்ந்தேன். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வரையறுத்த 'கான்ஜி', அதாவது சீன எழுத்துகள், மட்டும் 2,136. தினமும் பத்து எழுத்து என்று உறுதி எடுத்து நள்ளிரவுவரை விழித்திருப்பேன். இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் நாடு. ஊரில் ஒன்பது மணிச் சாப்பாடு முடித்து அம்மா அழைக்கும்போது எனக்குப் பன்னிரண்டரை.

"இன்னும் தூங்கலையாடி?"

"நாளைக்குக் கான்ஜி பரீட்சைம்மா."

"கஞ்சிக்கெல்லாமா பரீட்சை வைக்கிறாங்க அந்த ஊர்ல?"

எழுத்தில் விட்டதை இலக்கணத்தில் பிடித்தேன். அங்கே ஒரு தமிழச்சிக்குக் கிடைக்கும் அநியாயமான சலுகை அது. ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டும். அதோடு போகவில்லை. 'தபேரு' என்றால் சாப்பிடு, 'மிரு' என்றால் பார். 'தபேதே மிரு' என்றால்? சாப்பிட்டுப் பார். ருசித்துப் பார்ப்பதில் கண்ணுக்கு என்ன வேலை என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமெரிக்க மாணவன் அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். எனக்கோ அதில் என்ன சந்தேகம் வர முடியும் என்றே புரியவில்லை. 'காய்தே ஒகு' எழுதி வை. 'மொத்தே குரு' கொண்டு வா. 'வசுரெதே ஷிமவ்' மறந்துவிடு. ஆசிரியை பலகையில் ஒவ்வொன்றாக எழுத எழுத, எனக்கு யாரோ அடுத்த அறையில் தமிழ் பேசுகிற மாதிரி இருந்தது.

கோரே, சோரே, ஆரே, தோரே என்று அடுத்த பாடம். என் பக்கம் இருப்பது, உன் பக்கம் இருப்பது, இருவருக்கும் தள்ளி இருப்பது, எது என்று கேட்பது. நாம் இது, அது, எது என்று மூன்றோடு நிறுத்திவிட்டோம். நடுவில் இருந்த 'உது'வை நாம் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாராவது அந்த வகுப்பில் இருந்திருந்தால் பாடமே தேவைப்பட்டிருக்காது.

இப்படிப்பட்ட ஒற்றுமைகளையும் வைத்துத்தான் ஓனோ சுசுமு (1919-2008) என்ற ஜப்பானிய மொழி அறிஞர், ஜப்பானிய மொழிக்குத் தமிழோடு பழைய உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. கொரிய மொழிக்கும் துருக்கிக்கும் இதே அமைப்பு இருக்கிறதே என்பது அவர்கள் பதில், அது நியாயமும்கூட. 'ஜப்பான்காரன் தமிழன்தான்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று ஆராய்ச்சிச் சண்டை இல்லாமல் உறுதி. ஜப்பானிய எழுத்து வரிசையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: அ இ உ எ ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அரிச்சுவடி படித்த யாருக்கும் அடுத்தது என்ன என்று தெரியும். வடமொழி எழுத்தைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியே அங்கே போய்ச் சேர்ந்த ஒழுங்கு அது.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது விடுதி வாசலில் கற்ற வாக்கியம். வெளியே கிளம்பும் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'இத்தே கிமஸ்' என்பார்கள். இத்தே, போய். கிமஸ், வருகிறேன். உள்ளே இருக்கும் விடுதிக் காப்பாளர் அம்மா தலையை நிமிர்த்தாமலே 'இத்தெராஷ்ஷாய்' என்பார், போய்விட்டு வாங்க. பால் வாங்கப் போனாலும் சரி. 'போறேன்' என்று சொன்னால் எங்கள் பாட்டி அடிக்கவே வருவாள். கியோட்டோவில் எந்தப் பேரனுக்கும் அதைத் திருத்த வேண்டிய அவசியமில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு மீன் பழக்கம், பிழைத்தேன். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கறித் துண்டை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். குழம்பின் அடியில் காய்ந்த மீனைக் கொதிக்கவைத்த 'தாஷி' நீர் இருக்கும், அதை அவர்கள் மீனாகவே நினைப்பதில்லை. என் பக்கத்து அறை இந்தோனேசியப் பெண், பன்றிக்கான சீன எழுத்தைப் படம் எடுத்துக் கைபேசியின் முகப்பில் வைத்திருந்தாள். கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். அந்த ஒரு எழுத்தை அவளைவிட வேகமாக அடையாளம் காண எந்த ஜப்பானியராலும் முடியாது.

பதினான்கு லட்சம் பேர் இருக்கும் கியோட்டோவில் பத்துப் பேருக்கு ஒருவர் கல்லூரி மாணவர். நகரம் தட்டையாகக் கோடு போட்ட கட்டம். பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, போலீஸ் பதிவு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் பஸ்ஸே வேண்டாம். அக்டோபர் தொடக்கத்தில் தெருத்தெருவாக ஒரு வாசனை தொடரும். பழுத்த பழத்துக்கும் மல்லிகைக்கும் நடுவே ஏதோ ஒன்று. 'கின்மொகுசே' என்ற ஆரஞ்சு நிறப் பொடிப்பூ. ஒரு வாரம்தான், மழை அடித்தால் அதுவும் இல்லை, மண்ணில் குங்குமம் கொட்டியதுபோலக் கிடக்கும். செர்ரிக்குக் கூடும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கூடுவதில்லை. ஏப்ரலுக்குச் செர்ரி என்றால் எங்களுக்கு இது என்று நானும் பக்கத்து அறைக்காரியும் முடிவு செய்துகொண்டோம்.

அப்படிச் சைக்கிளில் சுற்றிய ஒருநாள் தோஷிஷா பல்கலைக்கழகத்தின் இமதெகாவா வளாகத்துக்குள் போனேன். சிவப்புச் செங்கல் கட்டடங்களுக்கு இடையே ஒரு கல். யுன் தோங்-ஜு என்ற கொரியக் கவிஞனின் நினைவாக 1995இல் வைத்தது. அவனும் அக்டோபரில் சேர்ந்தவன்தான், 1942 அக்டோபர். தோக்கியோவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு, இங்கே ஆங்கில இலக்கியம் படிக்க மாறிவந்தான். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பானுக்குப் படிக்கப் போகக் காகிதம் வேண்டும். காகிதத்துக்காகக் குடும்பப் பெயரை 'ஹிரநுமா' என்று ஜப்பானியப் பெயராக மாற்றிப் பதிய வேண்டியிருந்தது. கொரிய மொழியில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன் அவன். 1943 ஜூலையில், சுதந்திர இயக்கத்தில் ஈடுபட்டதாகச் சொல்லிக் கைது செய்தார்கள். 1945 பிப்ரவரியில் ஃபுகுவோகா சிறையில் இறந்தபோது வயது 27.

கல்லுக்கு முன்னால் யாரோ பூவும் சில பேனாக்களும் வைத்திருந்தார்கள். என் சட்டைப் பையில் வங்கியிலிருந்து வந்த இரண்டாவது கடிதம் இருந்தது, அந்த நெட்டெழுத்துக் கோட்டைப் பற்றி. அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

குளிர் வந்தது. மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் கியோட்டோவின் குளிர் தரையிலிருந்து ஏறும். அதற்கென்றே 'சொகொபியே' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அடிக்குளிர் எனலாம். அறைக்குள்ளேயே வாயிலிருந்து புகை வந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு வார விடுமுறை, ஜனவரியில் மறுபடி வகுப்பு, பிப்ரவரி தொடக்கத்தில் தேர்வு. அவ்வளவுதான் செமஸ்டர். முதல் மாதம் காகிதத்தில் போயிற்று, இரண்டாம் மாதம் காது பழகுவதில். நாலாம் மாதம்தான் சிரிப்பு வரும் இடத்தில் சிரிக்க முடிந்தது. ஐந்தாம் மாதம் பெட்டி கட்டுகிறோம்.

மலையேற்றக் குழுவில் ஒரு பையன் கேட்டான், "ஏப்ரலில் பூ பார்க்க வருவீர்கள்தானே?" பக்கத்தில் இருந்தவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

போட்ட முடிச்சையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். வார்டு அலுவலகத்தில் ஊரைவிட்டுப் போகிறேன் என்று அறிவித்தேன். காப்பீட்டை முடித்தேன். வங்கிக் கணக்கை மூடும் படிவத்தில் என் பெயர் கோட்டோடு சரியாக அச்சாகியிருந்தது, கடைசியில். கிளம்பிய வாரம் கிதானோ தென்மாங்கூ கோயிலில் பிளம் மரங்கள் பூக்க ஆரம்பித்திருந்தன. கல்விக்குத் தெய்வமான தென்ஜின் இருக்கும் கோயில். பிப்ரவரி 25 தேசியப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வு; பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வேண்டுதலை மரப்பலகையில் எழுதித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஏப்ரலின் ஆட்கள்.

விடுதிக் காப்பாளர் அம்மா வாசல்வரை வந்தார். பழக்கதோஷத்தில் நான் "இத்தே கிமஸ்" என்றேன். அவரும் பழக்கதோஷத்தில் "இத்தெராஷ்ஷாய்" என்றார். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தோம்.

கன்சாயில் குடியகல்வு வரிசைக்கு முன்னால் ஒரு சின்னப் படிவம் வைத்திருந்தார்கள். தற்காலிகமாக வெளியேறுகிறேன், திரும்பி வருவேன் என்று ஒரு கட்டம் அதில் இருந்தது. அதில் டிக் அடித்தால் வசிப்பு அட்டையைத் தொட மாட்டார்கள். என்னுடையது முடிந்த செமஸ்டர், அடிக்கக் கூடாது. பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். கட்டத்தைக் காலியாக விட்டு, அட்டையை நீட்டினேன்.

அதிகாரி என்னை அப்பா பெயரைச் சொல்லி, ஒரே ஒரு சன் போட்டு அழைத்தார். அட்டையில் 'டக்'கென்று ஒரு ஓட்டை போட்டு, இரு கையாலும் என்னிடமே திருப்பித் தந்தார்.